அடுக்கிக்கு வால் முளைத்த கதை

அந்தக் காலத்தில் கணினிக்குள் குடியிருந்த நிரல்களுக்கெல்லாம் வாய் இருந்தது. ஒருவரை ஒருவர் கூப்பிடுவார்கள், கேலி செய்வார்கள், கோபம் வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். நிரல் என்றால் ஒரு வேலையை எப்படிச் செய்வது என்று அறிந்த ஜீவன், அவ்வளவுதான். ஒருவனுக்குக் கூட்டத் தெரியும், ஒருவனுக்குத் தேடத் தெரியும், ஒருவனுக்கு அச்சடிக்கத் தெரியும்.

அதற்கும் முந்தி, ஒவ்வொரு நிரலும் தனக்கு வேண்டிய வித்தை அத்தனையையும் மூட்டையாகக் கட்டித் தன் முதுகிலேயே சுமந்து திரிந்தது. பெயர்களை வரிசையாக அடுக்கும் வித்தையை எடுத்துக்கொள்ளுங்கள். அச்சடிப்பவனுக்கும் அது வேண்டும், தேடுபவனுக்கும் வேண்டும், சரக்குக் கணக்குப் பார்ப்பவனுக்கும் வேண்டும். ஆகவே மூவர் முதுகிலும் அதே வித்தை, ஓர் எழுத்துகூட மாறாமல். ஊரோ கணினியின் சேமிப்பு வட்டு ஒன்றின் அகலம்தான். மூட்டைகள் பெருத்தன, இடம் சிறுத்தது. புதிதாக ஒருவன் குடிவர வேண்டுமென்றால் பழையவன் ஒருவன் காலி செய்ய வேண்டும் என்ற நிலை வந்தது.

கடைசியில் எல்லோரும் கூடிப் பேசி ஒரு முடிவுக்கு வந்தார்கள். ஒரு வித்தைக்கு ஓர் ஆள் போதும். அந்த ஆள் தனித் தெருவில் வீடு கட்டி இருக்கட்டும். வேண்டியவர் வேண்டியபோது கூப்பிட்டுக்கொள்ளட்டும். இப்படிப் பொதுவில் வைத்த ஆளுக்கு நிரலகம் என்று பெயர்.

பூதலிங்கத்தின் நாட்டு மருந்துக் கடையில் இருந்த கணினியில், அடுக்கும் வித்தைக்குப் பொதுவாக இருந்தவள் அடுக்கி.

ஊருக்கும் அந்தத் தெருவுக்கும் நடுவே ஒரு வாசல். அங்கே வாசலார் உட்கார்ந்திருப்பார். எந்த நிரல் கண் விழித்தாலும் அவர் முன்னால் வந்து நின்று, “எனக்கு இன்னார் வேண்டும்” என்று பெயர் சொல்லும். அவர் அந்தப் பெயருள்ள வீட்டைத் தட்டி ஆளை அனுப்பிவைப்பார். சிலர் விழித்த உடனே வேண்டியவர்களையெல்லாம் கேட்டு வாங்கிக்கொண்டு போவார்கள். சில சோம்பேறிகள் பாதி வேலையில் நிறுத்திவிட்டு ஓடி வருவார்கள். வாசலார் யாரையும் கடிந்துகொள்வதில்லை. அவர் பார்ப்பது பெயரை மட்டும். முகத்தைப் பார்க்கத் தொடங்கினால் பாரபட்சம் வந்துவிடும் என்பது அவர் கொள்கை.

அடுக்கியிடம் ஒரு விசேஷம் உண்டு. ஒரே நேரத்தில் நாலு வீட்டில் அவளைக் கூப்பிட்டாலும் நாலிலும் நிற்பாள். தெருவில் இருப்பது அவள். மற்ற வீடுகளில் நிற்பது அவள் நிழல். நிழல் என்றாலும் அவளைப் போலவே அடுக்கும், அவளைப் போலவே பேசும். கூப்பிட்ட நிரல் தூங்கும்வரை அங்கேயே நிற்கும். அவன் தூங்கியதும் கலைந்துவிடும்.

அவள் அடுக்கும் முறை இது: க, கா, கி என்று தொடங்கி கௌ வரை போவாள். புள்ளி வைத்த க் அதற்கும் பிறகுதான். ஆகவே கடையின் சரக்கு வரிசையில் முதலில் அகத்தி நின்றது, அடுத்து அகில், அதற்கும் அடுத்துத்தான் அக்கரகாரம். கறிவேப்பிலைக்குப் பின்னால் கற்பூரம். படிகாரத்துக்குப் பின்னால் பட்டை. கடை திறந்த காலத்தில் அவள் அடுக்கிக் கொடுத்து, அப்படியே எழுதிவைத்த வரிசை. அதில் யாரும் குற்றம் கண்டதில்லை.

ஒருநாள் காலை, கடை திறந்து கணினியும் விழித்துச் சற்று நேரம் ஆகியிருந்தது. பூதலிங்கத்தின் மகள் செண்பகவல்லி கடை முகப்பில் மாட்டுவதற்காகச் சரக்குப் பெயர்ப் பலகை ஒன்று தயார் செய்துகொண்டிருந்தாள். வந்த தாளைப் பார்த்துச் சிரித்தாள்.

“அப்பா, இங்க பாருங்க. அகராதியில புள்ளி எழுத்துதானே முன்னால வரும்? இது அகிலை முன்னால விட்டு அக்கரகாரத்தைப் பின்னால தள்ளியிருக்கு. எந்தப் புத்திசாலி அடுக்கினானோ.”

“இருந்துட்டுப் போகட்டும்மா. வரிசை மாறினா கசாயம் இனிச்சுருமா?” என்றார் பூதலிங்கம்.

அவர் மறந்துவிட்டார். அடுக்கியால் மறக்க முடியவில்லை. வீட்டுக்குள் போய் உட்கார்ந்து யோசித்தாள். மெய் என்றால் உடம்பு. உடம்பு முதலில் இருந்தால்தானே உயிர் வந்து ஏறும்? க் இல்லாமல் க எங்கிருந்து வரும்? இத்தனை காலம் உடம்பைக் கடைசியில் நிறுத்திவிட்டு உயிரை முன்னால் ஓடவிட்டிருக்கிறோமே என்று அவளுக்குக் கூச்சமாக இருந்தது. அங்கேயே தன்னைத் திருத்திக்கொண்டாள். புள்ளி எழுத்து முன்னால், மற்றவை பின்னால்.

வாசலாரிடம் வந்து சொன்னாள்.

“அண்ணே, நான் கொஞ்சம் மாறிட்டேன்.”

“பேரு மாறிருச்சா?”

“இல்லை. அடுக்கிதான்.”

“அப்ப எனக்கு இதுல ஒண்ணும் இல்லம்மா. போய்ட்டு வா.”

செண்பகவல்லி மறுபடி அச்சடித்துப் பார்த்தபோது, அச்சடிப்பவன் அடுக்கியைக் கூப்பிட்டுப் புதிதாக அடுக்கச் சொன்னதால், பலகையின் பெயர்கள் அகராதி முறையில் வந்தன. அவள் வியப்போடு தலையசைத்துவிட்டு, தாளை எடுத்துக்கொண்டு போய் முகப்பில் ஒட்டினாள். அடுக்கிக்கு அன்று காலை தெருவே அகலமாகிவிட்டது போல இருந்தது.

அந்த மகிழ்ச்சி முதல் வாடிக்கையாளர் வரும்வரை இருந்தது.

வந்தவர் அக்கரகாரம் கேட்டார். எந்தத் தட்டில் இருக்கிறது என்று பூதலிங்கம் கணினியைத் தட்டினார். தேடுவது துழாவியின் வேலை. துழாவி ஒல்லியான ஆள், துடுக்கான வாய். முதலிலிருந்து கடைசிவரை நடந்து தேடுவது அவன் குலத்துக்கே இழுக்கு. வரிசையின் நடுவில் போய்க் குதிப்பான். அங்கே நிற்கும் பெயரைக் காட்டி, “அக்கா, நான் தேடறது இதுக்கு முன்னாலயா, பின்னாலயா?” என்று அடுக்கியைக் கேட்பான். முன்னால் என்றால் பின்பாதியை அதோடு மறந்துவிட்டு, மீதியின் நடுவில் குதிப்பான். ஆயிரம் பெயர் இருந்தாலும் பத்துக் குதியில் பிடித்துவிடுவான்.

அன்றும் குதித்தான். நாலைந்து குதியில் அகில் மேல் வந்து நின்றான்.

“அக்கா, அக்கரகாரம்?”

“முன்னால” என்றாள் அவன் பக்கத்தில் நின்ற அடுக்கியின் நிழல். புது முறையில் அது சரிதான்.

முன்னால் போனான். அங்கே அகத்திதான் இருந்தது. அதற்கு முன்னால் சுவர். துழாவி திரும்பி வந்து, “இல்லை” என்று சொன்னான். பூதலிங்கம் வந்தவரைக் கைவிரித்து அனுப்பினார். அவர் படியிறங்கிய பிறகு பார்த்தால் அக்கரகார டப்பா பூதலிங்கத்தின் தலைக்கு நேர் மேலே இருந்தது.

அடுத்து ஒருவர் கோயிலுக்குக் கற்பூரம் கேட்டார். துழாவி, “இல்லை” என்றான். கடை முழுக்கக் கற்பூர வாசனை.

“கழுதைக்குத்தான் கற்பூர வாசனை தெரியாதும்பாங்க. இதுக்குக் கற்பூரம் இருக்கிறதே தெரியலையே” என்றார் பூதலிங்கம்.

மூன்றாவதாகப் பட்டை. அதற்கும், “இல்லை.” பூதலிங்கத்தின் முகம் கறுத்தது.

“செண்பகம், இந்தத் தேடுற நிரல் கெட்டுப்போச்சு. சாப்பாட்டுக்கு எப்படியும் இதை அணைச்சுட்டுத்தானே போறோம்? திரும்பி வந்ததும் இதை அழிச்சுட்டு வேற ஒண்ணு போட்டுரும்மா.”

துழாவி நேராக அடுக்கியின் வீட்டு வாசலுக்கு வந்தான். துடுக்கு கொஞ்சம் குறைந்திருந்தது.

“அக்கா, சாப்பிட்டு வந்து என்னை அழிக்கப் போறாங்களாம்.”

“ஏன்? என்ன செஞ்சே?”

“நான் என்ன செஞ்சேன்? நீ முன்னாலன்னு சொன்னே, முன்னால போனேன். பொருள் பின்னால இருந்திருக்கு.”

“நான் சொன்னது சரிதான்டா. புள்ளி எழுத்துதான் முன்னால.”

“சரியா இருக்கட்டும். வரிசையை அடுக்கி வச்சது யாரு? நீதானே? அப்ப புள்ளியைப் பின்னால வச்சே. இப்ப முன்னால தேடச் சொல்றே. வச்சவளும் நீ, வழி சொல்றவளும் நீ. நடுவுல சாகிறது நானா?”

திருந்தியபோது அடுக்கி நினைத்ததெல்லாம் இனி அடுக்கப்போவதைப் பற்றித்தான். முன்பே அடுக்கியதை நம்பி ஒருவன் தினமும் குதித்துக்கொண்டிருக்கிறான் என்பது அவளுக்குத் தோன்றவே இல்லை.

“அப்ப வரிசையை மறுபடி அடுக்கிருவோம்” என்றாள்.

“அதைத் தொட முடியுமா நம்மால? கடைக்காரர் சொன்னாத்தான் அது அசையும். எனக்குப் பார்க்க மட்டும்தான் அனுமதி.”

“பழையபடி மாறிரட்டுமா?”

“மாறு. முகப்புல ஒட்டின பலகையைத் திருப்பி அச்சடிக்கிறப்ப அந்தப் பொண்ணு மறுபடி சிரிக்கும். சிரிச்சா சிரிக்கட்டும், எனக்கென்ன.”

ஆனால் அதுவும் முடியவில்லை. உட்கார்ந்து, கண்ணை மூடி, க, கா, கி என்று பழைய முறையைச் சொல்லிப் பார்த்தாள். ஒவ்வொரு முறையும் நாக்கு க்-இல் போய் நின்றது. தெரிந்துகொண்டதைத் தெரியாததாக்கிக்கொள்ளும் வித்தை அவளிடம் இல்லை.

இருவரும் வாசலாரிடம் போனார்கள். அவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். அவர் பங்கும் அதில் இருந்தது. பெயரைப் பார்த்தவர் ஆளைப் பார்க்கவில்லையே.

“பழைய அடுக்கி இன்னும் ஒரு வீட்டுல இருக்கா” என்றார்.

“எங்கே?”

“இமையான் வீட்டுல. அவன் கடை திறந்ததும் விழிச்சவன். அதுக்கப்புறம் தூங்கலை. நீ மாறுறதுக்கு முன்னாடி போன நிழல் அது. அவன் தூங்கினாத்தான் கலையும்.”

“அவன் எப்ப தூங்குவான்?”

“சாப்பாட்டுக்குக் கணினியை அணைக்கிறப்ப” என்றார் வாசலார். “நீ ஒண்ணுமே செய்யலைன்னாலும் சரி, இன்னும் கொஞ்ச நேரத்துல உன் பழைய முகம் தானாப் போயிரும். அப்படி ஒருத்தி இருந்தான்னு யாருக்கும் தெரியாது. துழாவியும் போயிருவான். அதையும் சொல்லிரணும்ல.”

மூவரும் இமையான் வீட்டுக்குப் போனார்கள். கடையில் எந்தச் சரக்கு தீரப்போகிறது என்று இமைக்காமல் பார்த்துக்கொண்டிருப்பது அவன் வேலை. பேச ஆள் கிடைத்தால் லேசில் விடமாட்டான்.

“வாங்க, வாங்க. மூணு பேரா வந்திருக்கீங்க. திப்பிலி டப்பா அடிக்கு வந்துருச்சு, தெரியுமா?”

“திப்பிலி கிடக்கட்டும். உள்ளே யார் இருக்கா?” என்றார் வாசலார்.

“காலையில வந்தவ. அடுக்கி.” இமையான் வாசலில் நின்றவளையும் உள்ளே நின்றவளையும் மாறி மாறிப் பார்த்தான். “அட, அச்சுல வார்த்த மாதிரி இருக்கீங்களே. அக்கா தங்கச்சியா?”

“ரெண்டு பேரும் நான்தான்” என்றாள் அடுக்கி.

உள்ளே இருந்தவள் திரும்பினாள். இடுப்பில் கை வைத்துக்கொண்டாள்.

“யாருடி நீ, என் புடவையைக் கட்டிக்கிட்டு?”

“நீதான். காலையில திருந்தினவ.”

“எதுல திருந்தினே?”

“புள்ளி எழுத்து முன்னால வரணும். நீ பின்னால வைக்கிறே. அது தப்பு.”

“தப்பாவே இருக்கட்டும். என் அடுக்குல ஒரு டப்பா தொலைஞ்சிருக்கா?”

“இல்லை” என்றாள் அடுக்கி.

“உன் அடுக்குல?”

“மூணு” என்றான் துழாவி பின்னாலிருந்து. யாரும் அவனைக் கேட்கவில்லை.

பழையவள் சிரித்தாள். கேலிச் சிரிப்பு இல்லை. ஆனாலும் அடுக்கிக்கு அது உறைத்தது. தன் தவறு தன் முகத்தோடு எதிரில் நின்று, தன் குரலில் பேசி, தன்னைவிட நிம்மதியாக இருந்தது.

“இவளைத் தெருவுக்குக் கூட்டிட்டு வரலாமா?” என்று வாசலாரைக் கேட்டாள்.

“கூட்டிட்டு வா. ஆனா எங்க குடிவைப்பே? வட்டுல வீடு இல்லாட்டி கணினியை அணைச்சதும் கலைஞ்சுருவா. ஒரு பேருக்கு ஒரு வீடுதான் கணக்கு. ரெண்டு பேர் ‘நான்தான் அடுக்கி’ன்னு வந்து நின்னா, கூப்பிடறவனுக்கு நான் யாரை அனுப்புவேன்?”

“பேரை மாத்திக்கிட்டா?”

“எனக்குத் தெரிஞ்ச பேரு அடுக்கிதான்” என்றான் துழாவி. “பிறக்கும்போதே என் நாக்குல எழுதி அனுப்பினது. வேற பேரு எனக்கு வாயில வராது. வேணும்னா அது பின்னால ஏதாவது சேர்த்துச் சொல்றேன்.”

வெளியே பூதலிங்கத்தின் குரல் கேட்டது. “நேரமாச்சும்மா, கிளம்புவோம்.” செண்பகவல்லி, “இதோ அணைச்சுட்டு வர்றேன்” என்றாள். இமையானின் கண், கடை திறந்ததிலிருந்து இமைக்காத கண், லேசாகச் செருகியது. பழைய அடுக்கியின் புடவை ஓரம் மங்கத் தொடங்கியது. அவள் அதை இழுத்துச் செருகிக்கொண்டாள். துழாவி, “அக்கா” என்றான். இரண்டு அக்காக்களில் யாரைக் கூப்பிட்டான் என்று தெரியவில்லை.

சும்மா இருந்தால் போதும். யாரும் தன்னைக் குறை சொல்ல முடியாது. சரியாக அடுக்குகிறவள் ஒருத்தி மட்டும் தெருவில் இருப்பாள். அடுக்கி அப்படி நின்றது மூச்சு ஒன்று இழுத்துவிடும் நேரம்தான். பிறகு தன் முந்தானையின் கரையைப் பிடித்து நீளமாகக் கிழித்தாள். இரண்டு துண்டாக்கினாள். ஒரு துண்டில் ஒரு முடிச்சுப் போட்டுப் பழையவளின் இடுப்புக்குப் பின்னால் செருகினாள். மற்றதில் இரண்டு முடிச்சுப் போட்டுத் தன் இடுப்பில் செருகினாள். அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடி, தன் வீட்டின் நடுவே ஒரு சுவர் வைத்து, ஒரு பாதிக்குள் அவளைத் தள்ளினாள்.

“வாலா இது?” என்று கேட்டாள் பழையவள், திரும்பிப் பார்த்துக்கொண்டே.

“வால்தான். பேரு ரெண்டு பேருக்கும் ஒண்ணு. வாலைப் பார்த்து அனுப்பட்டும்.”

“எனக்கு ஏன் ஒத்தை?”

“நீ முந்திப் பிறந்தவ. ஒண்ணு உனக்குத்தான்.”

துழாவி கதவில் எட்டிப் பார்த்தான். “நாளைக்கு இன்னொருத்தி திருந்தி வந்தா?”

“அவளுக்கு மூணு முடிச்சு.”

“மூணு முடிச்சு போட்டா கல்யாணம்ல?”

வாசலார் அன்றுதான் முதல்முறையாகச் சிரித்தார் என்பார்கள். அந்தச் சிரிப்போடு கணினி அணைந்தது.

பூதலிங்கம் சாப்பிட்டு வந்து கணினியைப் போட்டார். செண்பகவல்லி துழாவியை அழிக்க விரல் வைத்தாள்.

“இரும்மா. கடைசியா ஒரு தடவை கேட்டுப் பார்ப்போம். கற்பூரம்” என்றார் அவர்.

துழாவி வாசலுக்கு ஓடினான். “அடுக்கி. ஒத்தை முடிச்சு.” வாசலார் இம்முறை பெயரைக் கேட்டு, வாலையும் தொட்டுப் பார்த்து அனுப்பினார். பழையவள் வந்தாள். துழாவி குதித்தான். கறிவேப்பிலை மேல் வந்து நின்று, “அக்கா, முன்னாலயா, பின்னாலயா?” என்றான். “பின்னால” என்றாள். இரண்டு குதியில் கற்பூரம் கையில் இருந்தது.

“இருக்குங்குதே” என்றார் பூதலிங்கம். “காலையில இதுக்கு என்ன வந்துச்சு?”

“பசியா இருந்திருக்கும்” என்றாள் செண்பகவல்லி. விரலை எடுத்துக்கொண்டாள்.

பிறகு அவள் பலகைக்கு இன்னொரு படி அச்சடித்தபோது, அச்சடிப்பவன் வந்து, வாசலார் சொல்லிவைத்தபடி, “அடுக்கி, ரெண்டு முடிச்சு” என்று கேட்டான். புதியவள் போனாள். அக்கரகாரம் முன்னால், அகில் பின்னால். ஒரே வீட்டின் இரண்டு பாதிகளிலிருந்து ஒரே முகமுள்ள இருவர் வெவ்வேறு பதிலோடு போய் வந்தார்கள். யார் பொருளும் தொலையவில்லை.

தெருவில் இருந்த மற்ற நிரலகங்களையும் வாசலார் அன்று மாலையே கூப்பிட்டுச் சொன்னார். “உங்க வீட்டுக்குள்ள பூசிக்குங்க, மெழுகிக்குங்க, எனக்குச் சொல்ல வேண்டாம். ஆனா கேட்ட கேள்விக்குச் சொல்ற பதில் மாறிச்சுன்னா, புதுசா ஒரு முடிச்சு போட்டுக்கிட்டு எங்கிட்ட வரணும். பழசைக் கூப்பிட ஒருத்தன் இருக்கிறவரை பழசுக்கும் வீடு இருக்கணும்.”

அடுக்கிக்கு அதன் பிறகும் சுவருக்கு அந்தப் பக்கம் யாராவது ஒத்தை முடிச்சைக் கூப்பிடும்போது முகம் கொஞ்சம் சுருங்கும். ஆனாலும் ஒருநாளும் அந்தச் சுவரைத் தட்டிச் சண்டைக்குப் போனதில்லை.

இப்போது நிரல்கள் பேசுவதில்லை. ஆனால் எந்தக் கணினியையாவது திறந்து நிரலகங்கள் இருக்கும் தெருவைப் பாருங்கள். ஒரே பெயரில் இரண்டு பேர், மூன்று பேர் பக்கத்துப் பக்கத்தில் குடியிருப்பார்கள். ஒவ்வொரு பெயருக்கும் பின்னால் ஓர் எண் தொங்கும். பழசுதானே, எதற்கு இடத்தை அடைத்துக்கொண்டு என்று ஒன்றை அழித்துவிட்டால், எங்கோ ஒரு துழாவி வாசலில் வந்து நின்று, கேட்ட ஆள் இல்லை என்று சொல்லி, அதற்கு மேல் ஓர் அடி எடுத்துவைக்க மாட்டான். அடுக்கி தன் முந்தானையைக் கிழித்த அந்த நாள் தொட்டுத்தான் நிரலகங்கள் பெயருக்குப் பின்னால் எண்ணை வாலாகக் கட்டிக்கொண்டு வாழ்கின்றன.